பனை விளையாட்டுப் பொருட்கள் (தூத்துக்குடி வட்டாரம்)

பனை விளையாட்டுப் பொருட்கள் என்பவை பனையின் ஓலை, காய், பாளை, மட்டை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்து சிறுவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை ஆகும். தூத்துக்குடி, திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு வட்டாரத்தில் கோடை விடுமுறையிலும் திருக்கார்த்திகையிலும் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைத்த பரிசுகள் இவை.

பின்னணி

இக்கடற்கரைக்குப் புகழ் தந்தது முத்து. ஆனால் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி விளையாத காலங்களில் பல ஆண்டுகள் நின்றுபோகும். 1961-க்குப் பின் பெரிய அளவில் நடைபெறவில்லை. கரையை அடுத்த தேரி மணலில் வளர்ந்த பனையோ ஒவ்வோர் ஆண்டும் பதநீரும் நுங்கும் கிழங்கும் ஓலையும் தந்தது. பனையேறிகளின் வீடுகளில் பெட்டி முடைவது பெண்களின் அன்றாட வேலை. அதில் மிஞ்சிய ஓலைத் துண்டுகள் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களாயின.

இலக்கியத்தில்

தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழ்வதைக் குறுந்தொகையின் 61-ஆம் பாடல் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேரே. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகன் மீது பாடிய பிள்ளைத்தமிழ் இவ்வட்டாரத்துக்கு உரியது. தச்சனுக்குக் கூலி கொடுக்க இயலாத வீடுகளில் சிறுதேரின் இடத்தில் நுங்கு வண்டி ஓடியது.

செய்முறை

நுங்கு வண்டி: நுங்கைத் தின்றபின் எஞ்சும் இரண்டு கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் சக்கரங்கள் ஆயத்தம். கவையுள்ள நீண்ட கம்பால் அதைத் தள்ளி ஓட்டுவர்.

காற்றாடி: இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்காக மடித்து, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்திக் குச்சியில் பொருத்துவர். கடற்காற்றே அதைச் சுழற்றிவிடும்.

கிலுகிலுப்பை: ஓலையைச் சிறு பெட்டிபோல் முடைந்து உள்ளே சிறுகற்களை இட்டு மூடுவர். இது கைக்குழந்தைக்கு உரியது.

மாவளி: ஆண் பனையின் பாளையைச் சுட்டுக் கரியாக்கிப் பொடிப்பர். அதைத் துணியில் இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டைக்கு இடையில் வைத்துக் கயிறு கட்டுவர். கார்த்திகை இரவில் நெருப்பிட்டுச் சுழற்றினால் பொறிகள் பூப்போலச் சிதறும். பட்டாசு வாங்க இயலாதவர்களுக்கு இதுவே மத்தாப்பு. நெருப்பு என்பதால் பெரியவர்கள் சுற்ற, சிறு பிள்ளைகள் விலகி நின்று பார்த்தனர்.

இன்றைய நிலை

பனையேற ஆள் குறைந்ததும், மரங்கள் செங்கல் சூளைகளுக்கு வெட்டப்பட்டதும், மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் வந்ததும் இவ்வழக்கம் குன்றக் காரணங்களாயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவு முறையில் ஓலைப் பொருட்களைச் செய்து விற்கின்றனர்.

ஓலைக் காற்றாடி சில நாட்களில் காய்ந்து முறியும். மறுபடி செய்துதர வேண்டும். அருகிலிருந்து பார்த்த பிள்ளை மூன்றாம் முறை தானே மடித்துக்கொள்ளும். கைவேலை அடுத்த தலைமுறைக்குச் சென்ற வழி அதுவே. மரத்தைச் சட்டம் காக்கலாம். இந்தப் பழக்கம் வீட்டில்தான் காக்கப்பட வேண்டும்.