வட்டுக்கோட்டைச் செமினரி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள சிற்றூர் வட்டுக்கோட்டை. போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி, ஒல்லாந்தரால் புதுக்கப்பெற்ற தேவாலயம் ஒன்று அங்கே கூரையிழந்து கிடந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் அதனைச் செப்பனிட்டுக் கொண்டனர். அதன் அயலிலேயே 1823இல் டேனியல் பூவர் தலைமையில் செமினரி என்னும் உயர்கல்விக் கழகம் தோன்றிற்று. இலங்கைத் தலைமை நீதிபதி சர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயர் தாங்கிய மண்டபமும் அங்கு எழுந்தது.

ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியவற்றோடு தமிழும் வடமொழியும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி கண்ட கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இச்செமினரியில் பயின்றவர்களே.

ஆயினும், அவர்கள் பட்டம் பெறுமுன்னரே, 1855இல், செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சமயத்தொண்டரை விட உத்தியோகத்தரையே மிகுதியாக உருவாக்குகிறது. இனித் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அமெரிக்கத் தலைமைச் சங்கத்தார் கருத்து. ஊர்மக்களோ உயர்கல்வி வேட்கையைக் கைவிட்டாரல்லர். அதன் பயனாக 1872இல் அதே வளாகத்தில், ஈ.பி. ஹேஸ்டிங்ஸை முதல்வராகக் கொண்டு, யாழ்ப்பாணக் கல்லூரி மலர்ந்தது.

தாய்மொழியின் பெயரால் மூடப்பட்ட அக்கழகத்தின் மாணவரே, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் கற்றதனால் தாமோதரம்பிள்ளைக்குத் தமிழ் அயலாகிவிடவில்லை. இரு மொழியையும் ஆழக் கற்பித்த கூடத்தின் பயன் இது. பயிற்றுமொழி பற்றி வழக்காடும் நாம் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.