மலைக்கனியும் சமவெளித் தயிரும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கோடைப் பச்சடி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

தயிரில் பழம் கலந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் பச்சடியை வடநாட்டுப் பண்டம் என்றே பலர் கருதுகிறார்கள். பிரியாணிக் கடைகளின் வெங்காயப் பச்சடி எங்கும் பரவிவிட்டதால், பழத்துக்கும் தயிருக்கும் தமிழ்ச் சமையலில் உள்ள பழைய உறவு கண்ணில் படாமல் போயிற்று. அந்த உறவை எடுத்துக்காட்டுவதும், கள்ளக்குறிச்சிச் சமவெளியும் கல்வராயன் மலையும் கோடையில் தரும் பொருள்களைக் கொண்டு இப்பச்சடியை எப்படிச் செம்மையாகச் செய்யலாம் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். இப்பச்சடி இந்த மாவட்டத்துக்கே உரியது என்று நாட்ட நான் முயலவில்லை. இதற்கு வேண்டிய அனைத்தும் இங்கே ஒரே பருவத்தில் கூடி வருகின்றன என்பதே என் வாதம்.

2. சொல்லும் பழமையும்

‘பச்சடி’ என்னும் சொல்லைப் ‘பச்சை’யோடு சேர்த்துப் பொருள்கொள்வது வழக்கம். வேகவைக்காத, அல்லது அரைகுறையாக வெந்த காயும் கனியும் அதில் அடங்கும். இச்சொல் தெலுங்கில் துவையலையும் ஊறுகாயையும் குறிக்கிறது. கேரளத்தில் தேங்காயும் பச்சைக் கடுகும் அரைத்துத் தயிரில் கலந்த கறிக்கு இப்பெயர். வடக்கே வழங்கும் ‘ரைத்தா’வைக் கடுகைக் குறிக்கும் ‘ராய்’ என்ற சொல்லோடு இணைத்து விளக்குவார்கள். ஆக, கடுகும் தயிரும் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பொதுச் சரடு.

இலக்கியச் சான்று இதைவிட வலுவானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு விருந்து வருகிறது. மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளங்காய்த் துண்டுகளை வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, மாவடு ஊறுகாயோடு பரிமாறுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், சமைக்க வந்த கண்ணகிக்கு ஆயர்குலத்தார் பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் அரிசியும் தங்கள் மாடுகளின் பாற்பயனும் கொடுக்கிறார்கள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழாரின் தலைவி கட்டித் தயிரைத் தன் விரல்களால் பிசைந்து புளிக்குழம்பு ஆக்குகிறாள். இவற்றுள் எதுவும் இன்றைய பழப் பச்சடியே ஆகிவிடாது. ஆனால் கனி, பாற்பயன், மிளகு, கறிவேப்பிலை என அதன் உறுப்புகள் யாவும் அன்றே தமிழ் அடுக்களையில் ஒன்றாக இருந்தன என்பதில் ஐயமில்லை.

3. நிலமும் பருவமும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம் இரு நிலங்களின் கூட்டு. கிழக்கே நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை. கோமுகி அணையை அடுத்த கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலை இவ்விரண்டையும் இணைக்கிறது.

சமவெளியில் கறவை மாடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. மலையில் பலாவும் மாவும் கொய்யாவும் வாழையும் உண்டு. கத்திரி வெயில் சமவெளியை வாட்டும் சித்திரை, வைகாசியில்தான் பலாவும் மாவும் பழுக்கின்றன. தயிர் சீக்கிரம் புளிப்பதும் அந்த நாள்களில்தான். கனிந்ததை உடனே உண்ண வேண்டும். உறைந்ததையும் உடனே உண்ண வேண்டும். இரண்டின் அவசரமும் ஒரே கிண்ணத்தில் தீர்கிறது.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே வெள்ளிமலைப் பக்கம் சமவெளியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி இருக்கும். இந்த வேறுபாட்டை உறையூற்றும்போது கருத்தில் கொள்ள வேண்டும்.

4. தயிரின் இயல்பு

பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறி அமிலநிலை (pH) 4.6 அளவை நெருங்கும்போது கேசின் என்னும் பால்புரதம் திரண்டு வலைபோல் பின்னிக்கொள்கிறது. அந்த வலைக்குள் நீர் தங்கியிருப்பதே கெட்டித் தயிர். கரண்டியால் அடித்தாலும் உப்புப் பட்டாலும் வலை அறுந்து நீர் கசியும்.

பச்சடிக்குப் புளிப்பு இளமையாக இருக்க வேண்டும். கோடையில் சமவெளியில் இரவு உறையூற்றினால் விடிவதற்குள் தயிர் புளித்துவிடுகிறது. விடிகாலை ஆறு மணிக்கு, காய்ச்சி ஆறிய இளஞ்சூட்டுப் பாலில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறைமோர் விட்டால், பதினொரு மணி வாக்கில் இனிப்பு மாறாத தயிர் கிடைக்கும். மலையில் உறைமோரைச் சற்றுக் கூட்டி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பது நல்லது.

மண்சட்டியில் உறைந்த தயிருக்குத் தனிச் சிறப்பு உண்டு. சட்டி நீரை உறிஞ்சி வெளிப்புறத்தில் ஆவியாக்குவதால் தயிர் கெட்டிப்படுகிறது, குளிர்ச்சியும் அடைகிறது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

5. கனிகளின் பாகுபாடு

பச்சடி நன்றாக அமைவதும் நீர்த்துப்போவதும் கனியின் குணத்தைப் பொறுத்தது. அக்குணம் நோக்கிக் கனிகளை நான்காக வகுக்கலாம்.

5.1 சதைக்கனி. மா, பலா, கொய்யா, வாழை. இவை தயிரை நீர்க்கச் செய்வதில்லை. நன்கு பழுத்த பலாச்சுளையை விரலகலத் துண்டுகளாக நறுக்கினால் மெல்லும் சுவையும் மணமும் ஒருங்கே கிடைக்கும். மாம்பழத்தில் நார் இல்லாத வகையே ஏற்றது. கொய்யாவின் விதைப்பகுதியை நீக்கிவிட வேண்டும்.

5.2 மணிக்கனி. மாதுளை, திராட்சை. மெல்லிய தோலுக்குள் சாறு அடைபட்டிருப்பதால், பல் படும்வரை தயிரோடு கலப்பதில்லை. தயிர்சாதத்தில் நம் வீடுகளில் இவற்றைத் தூவுவது இக்காரணத்தாலேயே சிறந்த பழக்கம்.

5.3 நீர்க்கனி. வெள்ளரி, தர்ப்பூசணி. இவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். உப்புப் பட்டவுடன் அந்நீர் வெளியேறித் தயிரை மோராக்கிவிடும். நறுக்கி வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து, வடிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

5.4 புரதம் அறுக்கும் கனி. அன்னாசி, பப்பாளி. அன்னாசியில் உள்ள புரோமெலின் என்னும் நொதி பால்புரதத்தைத் துண்டாக்குவதால், பச்சையாகக் கலந்த சற்று நேரத்தில் தயிர் இளகிக் கசக்கும். பப்பாளியில் உள்ள பாப்பெயின் காயில் மிகுதி, பழத்தில் குறைவு. கொதிக்கும் வெப்பத்தில் இந்நொதிகள் செயலிழக்கும். கேரள ஓண விருந்தில் அன்னாசியை மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, ஆறிய பிறகே தயிரில் சேர்ப்பதற்கு விளக்கம் இதுவே. அறிவியல் பெயர் சூட்டுவதற்கு முன்பே அடுக்களை இதைக் கண்டறிந்திருந்தது.

6. செய்முறை

6.1 அளவு. நான்கு பேருக்கு அரை லிட்டர் கெட்டித் தயிர், ஒன்றரைக் கோப்பை பலாச்சுளை அல்லது மாம்பழத் துண்டு, ஒரு கைப்பிடி மாதுளை முத்து, அரைத் தேக்கரண்டி உப்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்பு நாடு இது. ஆயினும் இப்பச்சடிக்குச் சர்க்கரை வேண்டியதில்லை. கனி இனிக்கவில்லையென்றால் நல்ல கனி கிடைக்கும்வரை காத்திருப்பதே முறை.

6.2 அரைப்பு. இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், ஒரு சிறு துண்டு இஞ்சி, கால் தேக்கரண்டிக் கடுகு. தேங்காயை முதலில் நைய அரைத்து, கடுகைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று மட்டும் விட வேண்டும். நசுங்கிய கடுகு நீரோடு சேரும்போது காரநெடி பிறக்கிறது. அதிகம் அரைத்தால் கசப்பு மேலிடும்.

6.3 தாளிதம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டிக் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. சூடான எண்ணெயில் வெடித்த கடுகு நெடியை இழந்து வறுவல் மணம் பெறும். ஒரே கடுகு, அரைபட்டு ஒரு சுவையும் பொரிந்து வேறொரு சுவையும் தருவது தென்னாட்டுப் பச்சடியின் நுட்பம். வறுத்த சீரகப்பொடியும் கருப்பு உப்பும் தூவி முடிக்கும் வடநாட்டு முறையிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே. தாளிதம் ஆறிய பின்னரே தயிரில் சேர வேண்டும்.

6.4 கலத்தல். அரைத்த விழுதைத் தயிரில் மெல்லக் கலந்து குளிர வைக்கலாம். கனியும் உப்பும் இலை போட்ட பிறகே சேர வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மேற்சொன்ன எல்லாக் கவனமும் வீணாகும். கலந்த பச்சடியைக் கத்திரி வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருப்பது பாதுகாப்பன்று.

7. ஒரு தடையும் விடையும்

தயிரோடு பழம் சேர்வது உடலுக்கு ஒவ்வாது என்பது நாம் அடிக்கடி கேட்கும் தடை. இதற்கு நூல் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் வாழைப்பழத்தைத் தயிரோடும் மோரோடும் சேர்த்து உண்பதை விலக்குகிறது. ஆனால் அந்த விலக்கு வாழைக்குச் சொல்லப்பட்டது. அதை எல்லாக் கனிக்கும் நீட்டுவது பொருந்தாது. மரபை மதிப்பவர்கள் வாழையை விடுத்துப் பலாவையும் மாவையும் மாதுளையையும் கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் பலாவையும் மாவையும் குறைத்து வெள்ளரியையும் கொய்யாவையும் கூட்டிக்கொள்வது தகும்.

8. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. பழமும் பாற்பயனும் கூடிய உணவு தமிழர்க்குப் புதியதன்று. அதன் வெற்றி கனியின் நீரையும் நொதியையும் அறிந்து நடப்பதில் உள்ளது. கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் கோடைதோறும் இதற்குரிய பொருள்களை ஒருசேர அளிக்கின்றன.

ஆதலால் இந்தக் கோடையில் வெள்ளிமலைச் சாலையில் செல்பவர்கள், வழியோரம் பலா விற்கும் மலைவாசிப் பெண்களிடம் பேரம் பேசாமல் ஒரு பழம் வாங்கி வாருங்கள். அன்று காலை வீட்டில் உறைந்த தயிரில் அதன் சுளைகளைச் சேர்த்து, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு முதலில் பரிமாறுங்கள்.