மறந்துபோன மூன்று சரணங்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலியில், 'சைலன்ட் நைட்' என்று உலகறிந்த அப்பாடலைப் பாடகர் குழு தொடங்கியதும் ஆலயம் முழுவதும் அடங்கிவிடும். தமிழிலும் அதை நெடுங்காலமாகப் பாடி வருகிறோம். எனினும் உள்ளதைச் சொல்வதானால், அதை ஒரு தாலாட்டாகவே நாம் மதித்து வந்தோம். உறங்கும் குழந்தை, விழித்திருக்கும் தாய், வியந்து நிற்கும் இடையர். இனிமை உண்டு, இறையியல் கனம் இல்லை என்பது நம் தீர்ப்பு. போதாக்குறைக்கு, ஆலய ஆர்கனின் துருத்தியை எலிகள் கடித்துவிட்டமையால் அவசரமாகக் கிதாருக்கென எழுதப்பட்ட பாடல் இது என்ற கதையை நாமே மறையுரையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். மக்களும் சிரித்து மகிழ்ந்தார்கள்.

இத்தீர்ப்பை மாற்றியது ஒரு பழைய தாள்.

ஆஸ்திரிய நாட்டில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ப் என்னும் சிற்றூர். 1818 டிசம்பர் 24 அன்று அங்கே உதவிப் பங்குத்தந்தையாயிருந்த யோசேப்பு மோர், ஒரு கவிதையை ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் தந்து, இரு குரலுக்கும் கிதாருக்கும் ஏற்ற இசை கேட்டார். அன்று மாலைக்குள் இசை அமைந்தது. அவ்விரவே புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் பாடப்பட்டது. 1854-இல் குரூபர் தம் கைப்பட எழுதிய விளக்கத்தில் இவையெல்லாம் உள்ளன. எலிகள் மட்டும் இல்லை! கவிதையும் அன்றே எழுதப்பட்டதென்றுதான் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1995-இல் மோரின் கையெழுத்துப் பிரதி ஒன்று வெளிப்பட்டது. தாளின் அடியில் அவர் தம் பெயருடன் குறித்திருந்த ஆண்டு 1816.

இரண்டே ஆண்டு வேறுபாடு. இதனால் என்ன என்று கேட்கலாம். குருமடத்தில் திருப்பாடல்களைப் பயிலும்போது, அவை எழுந்த வாழ்க்கைச் சூழலை முதலில் தேடுமாறு நமக்குக் கற்பித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பாடும் ஒரு பாடலுக்கு அவ்வளவையும் செய்ய நமக்குத் தோன்றவேயில்லை.

1816-இல் மோர் ஓபர்ன்டார்ப்பில் இல்லை. மாரியாபார் என்னும் மலையூரில் பணியாற்றினார். குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. நெப்போலியன் காலப் போர்கள் 1815-இல்தான் ஓய்ந்திருந்தன. பேராயரே அரசராயிருந்து ஆண்ட சால்ஸ்பர்க் 1803-இல் அந்நிலையை இழந்தது. பின்னர் கைமாறிக் கைமாறி, பவேரியரிடமிருந்து 1816 மே முதல் நாள் ஆஸ்திரியாவிடம் சேர்ந்தது. சால்சாக் ஆறு எல்லையாயிற்று. ஒரே ஊராயிருந்த லாவ்பனும் ஓபர்ன்டார்ப்பும் இரு நாடுகளாயின. இவற்றோடு, 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் பொய்த்தது, பசி வந்தது. இத்தகைய ஆண்டில் ஓர் இளங்குரு அமைதியைப் பாடுகிறார்.

கவிதைக்கு ஆறு சரணங்கள். இன்று பெரும்பாலும் பாடப்படுபவை முதலாவதும் இரண்டாவதும் ஆறாவதுமே. 1859-இல் நியூயார்க்கில் ஜான் பிரீமன் யங் என்ற எபிஸ்கோப்பல் சபைக் குரு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் மூன்றோடு நின்றது. விடுபட்டவற்றைத் தேடிப் படித்தபோதுதான் நாம் நாணினோம். மூன்றாம் சரணம் இறைவன் மனிதவுருவில் தோன்றியதைப் பேசுகிறது. நான்காவது, தந்தையின் அன்பு முழுவதும் பொழியப்பட்ட அவ்விரவில், உலகின் மக்களினங்கள் அனைத்தையும் இயேசு சகோதரனாய்த் தழுவிக்கொண்டதாகச் சொல்கிறது. ஐந்தாவது, ஆண்டவர் சினம் தவிர்த்து, அனைத்துலகையும் அழிக்காமல் விட்டுவிடுவதாக முன்னோர் காலத்திலேயே வாக்களித்ததை நினைவூட்டுகிறது. கனம் இல்லையென்று நாம் குறை கண்ட பாடலின் கனமெல்லாம், நாம் பாடாமல் விட்ட பகுதியில் இருந்தது!

போர் என்ற சொல் பாடலில் எங்குமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், பவேரியரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி வந்துபோன மண்ணில், எல்லா இனத்தாரையும் சகோதரரென்று ஒருவர் எழுதினால், கேட்டவர் செவியில் அது வெறும் தாலாட்டாக விழுந்திருக்காது.

மோரின் வாழ்வும் இதற்கு ஒத்து நிற்கிறது. 1792-இல், படையை விட்டு ஓடிப்போன ஒரு வீரருக்கும் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்ணுக்கும் திருமணத்திற்குப் புறம்பே பிறந்தவர் அவர். ஞானத்தந்தையாகப் பெயர் தந்தவர் நகரின் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர். குருவாவதற்கே தனி அனுமதி வேண்டியிருந்தது. வாக்ரைன் ஊரில் பள்ளிக்கூடம் எழுப்பி, ஏழைப் பிள்ளைகள் பயில வழிசெய்து, 1848-இல் கையில் காசின்றி இறந்தார்.

சென்ற திருவருகைக்காலத்தில் நம் பாடகர் குழுவினர் அம்மூன்று சரணங்களையும் தமிழில் கேட்டார்கள். நான்காவது எளிதாக வந்தது. ஐந்தாவதில் ஒரு சொல்லில் நின்றுவிட்டோம்: ஓங்கிய கையை இறக்கி, அடிபட வேண்டியவனைத் தப்பவிடும் செயலைக் குறிக்கும் சொல் அது. 'இரக்கம்' என்று முதலில் எழுதினோம், போதவில்லை. 'மன்னிப்பு' என்பதும் பொருந்தவில்லை. 'தப்பவிட்டார்' என்று பேச்சுவழக்கிலேயே வைத்துவிடலாம் என்றார் ஆர்மோனியம் வாசிப்பவர். அப்படியே வைத்திருக்கிறோம்.