காருக்குள் 83,000 பாட்டு: ஹார்டு டிஸ்க்குடன் ஸ்டீரியோ மாட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

நெட்வொர்க் கிடைக்காத மலைப்பாதையில் போகும்போது, செல்போன் ஆப்பில் ஓடும் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். அதனாலதான் மொத்தப் பாட்டையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, வெளியில் வாங்கிய ஸ்டீரியோவோடு காரில் வைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனா, இது பென் டிரைவ் செருகுற மாதிரி வேலை இல்லை. வயரிங்கில் தப்பு நடந்தால் பேட்டரி இறங்கும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கார் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இது புது ஐடியாவா?

இல்லை. 1999-லேயே பிரிட்டனைச் சேர்ந்த 'எம்பெக்' நிறுவனம், லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கை வைத்து எம்பி3 கார் பிளேயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. லினக்ஸில் இயங்கிய அந்த பிளேயரை டேஷ்போர்டிலிருந்து அப்படியே உருவி, வீட்டுக்கு எடுத்துப்போய் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றலாம். பிறகு 'ரியோ கார்' என்ற பெயரிலும் வந்தது. 2001-ல் உற்பத்தி நின்ற பிறகும், வைத்திருந்தவர்கள் பெரிய டிஸ்க்கை தாங்களே மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

எவ்வளவு பாட்டு பிடிக்கும்?

நல்ல தரமான, அதாவது நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 என்றால், 5 நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 12 எம்.பி. வரும். 1 டி.பி. டிஸ்க்கில் சுமார் 83,000 பாட்டு போடலாம். இடைவிடாமல் கேட்டாலும் 9 மாதத்துக்கு மேல் ஓடும். ஆனால் எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர் வரை படிக்கும் என்பதற்கு பல ஸ்டீரியோக்களில் வரம்பு உண்டு. வாங்கும் முன் மேனுவலைப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுழலும். அதன் மேல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில் ரீடிங் ஹெட் மிதக்கும். பள்ளத்தில் கார் இறங்கி ஏறும்போது அது தட்டில் உரசினால் டேட்டா போச்சு.

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் அதிகபட்சம் 60 டிகிரி வரை இயங்கத்தான் தயாரிக்கப்படுகின்றன. ஹெட்டைத் தாங்குவது காற்றுதான் என்பதால் உயரமும் பிரச்னைதான். பல டிஸ்க்குகளுக்கு சுமார் 3,000 மீட்டர்தான் எல்லை. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது!

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதனால் இப்போது புதிதாக மாட்டுபவர்களுக்கு அதுதான் நல்லது. எதுவானாலும் டேஷ்போர்டு மேல் வைக்காமல், க்ளவ் பாக்ஸுக்குள் ஆடாமல் பொருத்துங்கள்.

டிஸ்க்கை செருகியும் பாட்டு வரலையே, ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, கரன்ட் போதாது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கலாம். தனி மின்சாரம் தரும் யு.எஸ்.பி. ஹப் வைத்தால் சரியாகும்.

இரண்டு, ஃபார்மெட். விண்டோஸில் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். ஃபார்மெட்டை பல ஸ்டீரியோக்கள் படிக்காது. ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் தேவைப்படும். ஃபார்மெட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கில் எங்கே கவனம்?

* முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. மஞ்சள் நிறக் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் கை வைக்காதீர்கள்.

* ஸ்டீரியோ பக்கம் பொதுவாக மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். கார் பக்கம் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பி இணைக்காமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

* சிவப்பையும் நிரந்தர லைனில் கொடுத்தால், சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

* ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரை பாடியில் எர்த் பண்ணவே கூடாது. ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிடும்.

* ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவது ஆபத்து. ஃபியூஸ் தாங்கும், வயர் எரியும்.

வாரன்டி, இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்?

கம்பெனி வயரை வெட்டி ஒட்டினால், அந்த எலக்ட்ரிக்கல் பகுதிக்கு வாரன்டி மறுக்கப்படலாம். உங்கள் மாடலுக்கு ஏற்ற கப்ளர் வாங்கினால் வெட்டாமலே மாட்டலாம். பிறகு கழற்றி பழைய ஸ்டீரியோவையும் திரும்ப வைக்கலாம். கூடுதலாகப் பொருத்திய சாதனத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்த்தால்தான் திருட்டு, விபத்து நேரத்தில் அதற்கு இழப்பீடு கேட்க முடியும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஹேண்ட் பிரேக் வயரை பைபாஸ் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும்போது ஸ்கிரீனில் வீடியோ வராமல் தடுக்கத்தான் அந்த வயர். 60 கி.மீ. வேகத்தில் 2 நொடி கண்ணை எடுத்தால், வண்டி 33 மீட்டர் தாண்டியிருக்கும். பாட்டு காதுக்குத்தான், கண் ரோட்டில் இருக்கட்டும்.