சத்திரக்காரனிடம் ஒப்படைத்தவன்



2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர். தர்காவின் அருகே தங்கினால் பிணி தீரும் என்று நம்பிய உறவினரே.

சட்டம் அன்றும் இருந்தது. இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்திருந்தது. ஆயினும் உரிமமற்ற இல்லங்கள் ஏர்வாடியில் பெருகியிருந்தன. விபத்துக்குப் பின்னர் அரசு அவற்றை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. நோயாளிகளைச் சங்கிலியிடுவது குற்றம் என்பதை மக்களுக்கு உணர்த்துமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை வெளிப்படையாகவே தடை செய்தது.

அச்சட்டம் சிகிச்சையளிப்போருக்கும் எல்லை வகுத்தது. நோயாளி சொன்னதை மறைவாகக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் பிறருக்குத் தீங்கோ உயிருக்கு ஆபத்தோ நேருமெனில், காப்பதற்குத் தேவையான அளவு மட்டும் வெளிப்படுத்தலாம். ஆகவே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எல்லையின்றி வாக்களிப்பது பொறுப்பாகாது; கேட்டதை ஊரறியச் சொல்வதும் பொறுப்பாகாது.

பிரியமானவர்களே, இதை அயலாரின் குறையாக எண்ணி வாசிக்க வேண்டாம். ஆலத்தியூரில் ஒரு வீட்டுப் பிள்ளை பல இரவுகள் உறங்காமல் தனக்குத்தானே பேசினால், மருத்துவருக்கு முன்னே போதகரை அழைப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. போதகர் ஜெபிக்கலாம், உடன் அமரலாம், குடும்பத்தைத் தேற்றலாம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லவும், "இது பிசாசு" என்று தீர்ப்பிடவும் அவருக்குத் தகுதி இல்லை.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அவன் காயங்களைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், மறுநாள் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பணமும் கொடுத்து, திரும்பி வருவதாகச் சொன்னான். எல்லாவற்றையும் தானே செய்ய முற்படவில்லை, கைவிடவும் இல்லை.

இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. துன்புறுகிறவரை அங்கே கைபிடித்து அழைத்துச் செல்வோம். மறுபடியும் சென்று நலம் விசாரிப்போம்.