தலைக்குமேல் பறந்த டகோட்டா

திருக்கோகர்ணத்துக் குடைவரையையும், அதன்முன் காலந்தோறும் எழுந்த மண்டபங்களையும் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். கல்வெட்டு இல்லாத தூணும் தன் காலத்தைச் சொல்லும். சதுரமும் எட்டுப்பட்டையுமாய்த் தடித்து நிற்கும் தூண் ஒரு காலத்தது. போதிகையில் பூமொட்டுத் தொங்கும் தூண் மற்றொரு காலத்தது. அவ்வூரிலேயே அமைந்துள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் சிற்பங்களைக் காண்போரும் இந்த அடையாளங்காணும் பயிற்சியையே பெறுகிறார்கள். கல்லுக்குப் பொருந்தும் இம்முறை வானத்தில் செல்லும் பழைய விமானத்துக்கும் பொருந்தும்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரீனாக் கடற்கரையில் இந்திய விமானப்படையின் வான்காட்சி நடைபெற்றது. சீறிப் பாய்ந்த போர் விமானங்களுக்கிடையே, இரட்டை எஞ்சின் கொண்ட பழைய விமானம் ஒன்று நிதானமாகக் கடந்து சென்றது. அதுதான் டகோட்டா.

அதனை எவ்வாறு இனங்காண்பது? முதலில் இறக்கைகளை நோக்க வேண்டும். அவை உடலின் அடிப்பகுதியில் பொருந்தியிருக்கும். முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்க, பின்விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். எஞ்சின்கள் வட்ட முகம் கொண்டவை. வாலில் வளைந்த முனையுடைய ஒரே செங்குத்துத் தகடு நிற்கும். பறக்கும்போது சக்கரங்கள் முழுவதும் மறைவதில்லை. எஞ்சின்களுக்குக் கீழே பாதி வெளியே தெரியும். மூக்கின் கீழ்ச் சக்கரம் கிடையாது. வாலில் ஒரு சிறு சக்கரம் உண்டு. ஆகவே தரையில் நிற்கும்போது அது வானை அண்ணாந்து பார்ப்பதுபோல் தோன்றும். கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோ விமானத்துக்கும் தாழ்ந்த இறக்கையும் இரண்டு எஞ்சின்களும் உண்டு; ஆனால் அதற்கு மூக்குச் சக்கரம் இருக்கும்; எஞ்சின்களும் ஒடுங்கி நீண்டிருக்கும். ஆன்டனோவ்-32 விமானத்தின் இறக்கையோ உடலுக்கு மேலே அமைந்தது.

உருவத்தை அறிந்தபின் பிறப்பை அறிவோம். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 என்னும் பயணிகள் விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. இரண்டாம் உலகப் போர் அதனைப் படைவீரரையும் தளவாடங்களையும் சுமக்கும் வாகனமாக்கியது. 10,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு இட்ட பெயர். போர்க்காலத்தில் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் இவ்வகை விமானங்கள் பழுதுபார்க்கப்பட்டன. போர் முடிந்ததும் எஞ்சியவை மலிவாக விற்கப்பட, இந்தியாவின் பல விமான நிறுவனங்கள் அவற்றைக் கொண்டே தொழில் நடத்தின.

ஆனால் ஒரு விமானத்தை உள்ளபடியே அறிய, அது எதைச் சுமந்தது என்று கேட்க வேண்டும். 1947-இல் நாடு பிளவுண்டபோது டகோட்டாக்கள் அகதிகளைச் சுமந்தன. அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் முதலாம் அணி டகோட்டாக்களில் ஸ்ரீநகரில் வந்திறங்கியது. விமானப்படையிடம் போதிய விமானங்கள் இல்லாமையால் தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்களும் உதவிக்கு அழைக்கப்பட்டன. அணித்தலைவர் லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் அன்றே பாரமுல்லா அருகே உயிர்நீத்தார். அதே நாளில் பாரமுல்லாவில் புனித சூசையப்பர் மருத்துவமனையும் கன்னியர் மடமும் தாக்கப்பட்டன. நோயாளிகளுக்குப் பணிசெய்ய ஸ்பெயினிலிருந்து வந்திருந்த இளம் அருட்சகோதரி தெரசலீனாவும் வேறு சிலரும் கொல்லப்பட்டனர். விமானங்கள் வந்து சேர்ந்த நாளும் அவர்கள் வீழ்ந்த நாளும் ஒன்றே. ஸ்ரீநகர் காக்கப்பட்டது, பாரமுல்லாவை உதவி எட்டவில்லை. அந்நாளின் வெற்றியைக் கொண்டாடுவோர் இத்துயரையும் சேர்த்தே நினைவுகூர்வது நீதி.

பின்னர் முற்றுகையில் சிக்கிய பூஞ்ச் நகருக்கு டகோட்டாக்கள் உணவும் மருந்தும் கொண்டு சென்றன. திரும்பும் வழியில் அகதிகளை ஏற்றி வந்தன. 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெகர் சிங், பதினோராயிரம் அடி உயரத்துக்கு அப்பாலுள்ள லே நகரில் டகோட்டாவை இறக்கினார்.

அமைதிக் காலத்திலும் அதற்குப் பணி இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது, அதுவும் டகோட்டாவே. கடலால் பிரிந்த உறவுகளுக்குச் சில மணி நேரப் பயணம் வாய்த்தது. 1949 சனவரி இறுதியில் இரவு வான்தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்துத் தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. படைவீரரைச் சுமந்த அதே இறக்கைகள் பிள்ளைகளின் நலம் கேட்ட தாய்மாரின் மடல்களையும் சுமந்தன.

இறுதியாக ஒன்று. மெரீனாவில் பறந்த விமானத்தின் உடலில் விபி 905 என்னும் எண் காணப்படும். 1947-இல் ஸ்ரீநகருக்குப் படைவீரரைக் கொண்டுசென்ற முதல் டகோட்டாவின் எண் அது. ஆயினும் இது அதே விமானம் அன்று. டகோட்டா விமானியாகப் பணியாற்றிய ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன் ராஜீவ் சந்திரசேகர் வேறொரு பழைய டகோட்டாவை வாங்கி, பிரிட்டனில் செப்பனிடச் செய்து விமானப்படைக்கு அன்பளிப்பாக வழங்கினார். 2018-இல் அது 'பரசுராமா' என்ற பெயரோடு இந்தியா வந்தது. மூத்த விமானத்தின் எண் நினைவுக்காக இதற்குச் சூட்டப்பட்டது.

இதனைப் போலி என்று எவரும் தள்ளிவிட வேண்டா. புதுக்கோட்டைச் சீமையில் நடுகற்கள் உண்டு. நடுகல் வீரன் அன்று. வீரன் மறக்கப்படாதிருக்க ஊரார் நட்ட அடையாளம். விபி 905 அத்தகைய பறக்கும் நடுகல். அதன் இறக்கையையும் வாலையும் கண்டு பெயர் சொல்லுதல் அறிவு. அது சுமந்தவர்களையும், அது சென்றடைய இயலாமற் போனவர்களையும் நினைத்தல் நன்றி.