பையன்களின் பூட்ஸ்

1863இல் லண்டனில் மார்கரெட் கேட்டி எழுதிய பிரிட்டிஷ் கடல்பாசிகள் பற்றிய நூல் வெளிவந்தது. அதன் முன்னுரை, பெண்கள் காலில் என்ன மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதை விரிவாகப் பேசுகிறது. பையன்கள் வேட்டைக்குப் போடும் பூட்ஸ் வேண்டும். அதற்கு எண்ணெய் தடவியிருக்க வேண்டும். பாவாடை கணுக்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. துணி கம்பளியாக இருக்கட்டும். பட்டும் சால்வையும் வீட்டிலேயே கிடக்கட்டும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையையும் அவற்றோடு விட்டுவிட்டு வரச் சொல்கிறார்.

நடுத்தர வர்க்கப் பெண்ணின் பாவாடை தரையைக் கூட்டிக்கொண்டு போன காலம் அது. கடலில் குளிப்பதற்கும் சக்கரம் வைத்த மர அறைக்குள் ஏறி, தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போகப்பட வேண்டும். ரயில் கடற்கரை ஊர்களை எட்டிய அந்த ஆண்டுகளில் பாறைக் குட்டைகளைத் துழாவுவது ஒரு மோகமாகவே ஆனது. காலையில் குன்றுப் பாதையில் நடந்து, கடல் வற்றும் நேரத்துக்குப் பாறைக்கு இறங்கி, நீர் ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் கடல் அதிகம் உள்வாங்கும். அரிய பாசிகள் அப்போதுதான் கைக்கு எட்டும். பூ வரைவது போல இதுவும் பெண்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்று சமூகம் நினைத்தது. அப்படி நினைத்ததால்தான் விட்டது.

கேட்டி பாதிரியார் ஒருவரின் மனைவி, பல பிள்ளைகளின் தாய். 1848இல் உடல் தேற ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்கு வந்த இடத்தில் பாசி அவரைப் பிடித்துக்கொண்டது. 15 ஆண்டு கழித்துத்தான் நூல் வந்தது. அதில் ஆண் துணை இருந்தால் நல்லது என்றும் எழுதுகிறார். அந்த ஆளுக்குப் பாசியில் ஆர்வம் இருக்க வேண்டியதில்லை. புதைபடிவம் தேடட்டும், படம் வரையட்டும், மனம் வந்தால் கடற்காகங்களைச் சுடட்டும் என்கிறார். இங்கே சிரிப்பு வருகிறது. ஆனால் தனியாகப் போகலாம் என்று எழுத அவருக்கும் கை வரவில்லை.

எனக்கு இவரைவிட முக்கியமாகப் படுபவர் மேரி வயாட். டெவன் கடற்கரையில் டார்கீ என்ற ஊரில் அமீலியா கிரிஃபித்ஸ் என்ற விதவை இருந்தார். பாசி அறிஞர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1817இலேயே ஸ்வீடன் நாட்டு அறிஞர் அகார்ட் ஒரு பாசிப் பேரினத்துக்கு கிரிஃபித்சியா என்று பெயரிட்டார். மேரி வயாட் அவர் வீட்டில் வேலை பார்த்தவர். பிறகு அதே ஊரில் சிப்பிக் கடை வைத்தார். 1830களில் டெவன் பாசிகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவை அச்சுப் படங்கள் அல்ல. தாளில் உண்மையான பாசியே ஒட்டியிருக்கும். கிரிஃபித்ஸ் இனம் கண்டு சொல்ல, சேகரித்து ஒட்டும் வேலையை வயாட் பார்த்தார்.

அந்த வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாசியைத் தட்டில் நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, ஊசியால் கிளை கிளையாகப் பிரித்து, மேலே துணி போட்டு அழுத்தி உலர்த்த வேண்டும். பெரும்பாலான பாசிகள் தம் பசையிலேயே தாளில் பிடித்துக்கொள்ளும். ஒரு தொகுதிக்கு 50 பாசி என்றால், 20 பிரதிக்கு 1000 பாசி. ஒவ்வொரு பிரதிக்கும் திரும்பவும் கடல் வற்ற வேண்டும், திரும்பவும் பாறைக்கு இறங்க வேண்டும். சீமாட்டிகளுக்கு ஒருநாள் உலாவாக இருந்தது இவருக்குக் கடை வியாபாரம். அவர் என்ன பூட்ஸ் போட்டார், துணைக்கு யார் போனார்கள் என்று எந்த முன்னுரையும் பேசவில்லை.

கிரிஃபித்ஸ் தன் பெயரில் நூல் எதுவும் வெளியிடவில்லை. அந்தத் தொகுதிகளின் முகப்பில் இருப்பது வயாட்டின் பெயர்தான். தயாரித்து விற்பவர், சிப்பி வியாபாரி மேரி வயாட்.